அக்கா போட்ட முடிச்சு

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. ‘ஆறாத் துயரில் வாடும்’ என்று போட்டு, கீழே உறவினர் அனைவர் பெயரையும் வரிசையாக அச்சிட வேண்டும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், கடைசிச் சில வருடங்களாக அக்கா எதிரே வந்தால் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டவர்கள். இன்று பூமாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அக்கா ஜலகண்டாபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். அறுந்த இழையை முடியக் கற்றுக்கொண்ட பிறகுதான் பள்ளிக்கூடம் போனார். அப்பா மாதக்கணக்கில் இருமினார். சளியைச் சோதித்து ‘கிருமி இல்லை’ என்று ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அதை நம்பிக் கஷாயம் குடித்தே அப்பா போய்ச் சேர்ந்தார். காசநோய்தான் என்று கடைசி வாரத்தில் வேறொரு மருத்துவமனையில் சொன்னார்கள். அந்தச் சீட்டை அக்கா தூக்கிப் போடவில்லை.

நுண்ணுயிரியல் படித்தார், முனைவர் பட்டம் வாங்கினார், கல்யாணம் வேண்டாம் என்றார். கல்யாணத்தைப் பற்றி விடிய விடியப் பேசிய சொந்தம், அவருடைய ஆராய்ச்சி என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை. ‘எச்சில் டப்பா டாக்டர்’ என்று பட்டப்பெயர் வைத்தது ஒன்றுதான் நம் குடும்பம் அறிவியலுக்குச் செய்த தொண்டு.

கேட்காதவர்களுக்காக இப்போது சொல்கிறேன். பரிசோதனைக் கூடங்கள் தரும் முடிவு உண்மைதானா என்பதே அவருடைய ஆராய்ச்சி. கிருமி இருப்பது உறுதியான சளியையும் இல்லாததையும் கலந்து, வேறு பெயர்களில், ஒவ்வொரு கூடத்துக்கும் அனுப்புவார். டப்பாவின் மூடியை, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலால் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவார். முடிவு எழுதியதும் டப்பாவைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

அரசாங்கத்துக்காகச் சளி பார்த்துக் கொடுத்த கூடங்களில் ஒன்று என் மச்சானுடையது, அதாவது என் மனைவியின் அண்ணனுடையது. அங்கிருந்து எல்லா டப்பாவுக்கும் ‘கிருமி இல்லை’ என்று வந்தது. டப்பாக்களும் வந்தன, நூல் சுற்றியபடியே.

அக்கா இதை அறிக்கையில் எழுதப் போகிறார் என்று தெரிந்ததும் என் மாமனார் வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. “பிரிச்சுப் பாத்துட்டு மறுக்காக் கட்டி அனுப்புனோமுங்க” என்றார் மச்சான், பெரிய மனிதத் தோரணையில். அக்கா ஒரு டப்பாவை மாமனாரிடம் நீட்டினார். ஆயுள் முழுக்கத் தறியில் உட்கார்ந்தவர் அவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முடிச்சை நகத்தால் தடவிப் பார்த்தார்.

“இது ஒருக்காப் போட்ட முடிச்சுதானுங்க. அவுக்கவே இல்ல” என்றார். உண்மையைச் சொல்லிவிட்டாரே என்று நினைத்தேன். அதே மூச்சில், “இருக்கட்டுமுங்க, நம்ம பையன் பேர மட்டும் எடுத்துருங்க அம்மிணி” என்றார்.

தறிக்காரன் மகனாகப் பிறந்தும் ஒரு நூலை அறுத்து வைக்கவாவது தோன்றாத சோம்பேறித்தனத்தை என்னவென்று சொல்வது? திருடத் தெரிந்த அளவுக்கு மறைக்கக்கூடத் தெரியவில்லை. ஆனால் அன்று அந்த அறையில் இருந்தவர்களிலேயே கேவலமானவன் மச்சான் அல்ல. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அழுதாள். நான் அக்காவிடம் போனேன்.

“ஒரே ஒரு பேருதானக்கா, எடுத்துருக்கா. எனக்காவ.”

“நம்ம அப்பனுக்கும் இப்படிப் பிரிக்காமயேதான் எழுதிக் குடுத்தானுங்களோ என்னமோ. அத நான் யாருகிட்டச் சாமி போய்க் கேக்கறது?”

நான் எழுந்து வந்தேன். அதன் பிறகு அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மச்சான் பெயரை எடுக்காமலேயே அக்கா அறிக்கையைக் கொடுத்தார். மச்சானின் கூடத்தை மூடினார்கள். அங்கே ‘கிருமி இல்லை’ என்று சீட்டு வாங்கியவர்களைத் தேடிப் பிடித்து மறுபடியும் சோதித்தார்கள். நம் ஆட்களோ அக்காவைக் கல்யாணங்களுக்கு அழைப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

புற்றுநோய் வந்து அக்கா சேலத்து மருத்துவமனையில் கிடந்தபோது, பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவர் கூட இருந்து பார்த்துக்கொண்டார். மறுசோதனையில் காசநோய் தெரிந்து, மருந்து தின்று பிழைத்த பெண்மணி அவர். கடைசி நாளில் நான் போய் நின்றபோது, “நீங்க அம்மாவுக்கு என்ன வேணுமுங்க?” என்று அவர் கேட்டார். தம்பி என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நன்றி அந்தப் பெண்மணிக்கு மட்டும். வேறு யாருக்கும் நான் நன்றி சொல்லப் போவதில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

இந்த மலரைப் பாவு நூலால் சுற்றி, அக்கா போட்ட அதே முடிச்சைப் போட்டு உங்களிடம் கொடுத்திருக்கிறேன். நாளைக்கே “படிச்சோமுங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சு” என்று சிலர் சொல்வீர்கள். உங்கள் வீட்டுக்கு நான் வருவேன். மலரை எடுத்து வரச் சொல்வேன்.