மர்பி டவுனில் ஜெலட்டின் இறுக்கியது

"இறுகினா கல்லு, இளகினா..." என்று என் பெரியப்பா ஏதோ சொல்வார், பின்பாதி மறந்துபோயிற்று. அவர் சொன்னது மாப்பிள்ளைகளைப் பற்றி. கையாலேயே புகைப்படத் தாள் செய்யும் எங்கள் தொழிலுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும். வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினைத் தாளில் பூசி இறுக வைக்க வேண்டும். இறுகாவிட்டால் படம் தண்ணீரோடு போய்விடும். அல்வா கிண்டிப் பதம் தவறி விழித்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

வெளிநாட்டு வேலையை விட்டு வந்து, தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூர் மர்பி டவுனில் ராஜம்மா அக்கா வீட்டுப் பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். ஜன்னலே கிடையாது. வேறு யாருக்கும் ஆகாத அறை. படம் கழுவ இருட்டு வேண்டிய எனக்கோ அதை விட்டால் கதியில்லை.

என்ன பிராணி?

ஜெலட்டினை இறுக்குவது ஃபார்மலின், காலேஜ் லேபில் பிராணிகளையும் ஆஸ்பத்திரியில் பிணங்களையும் கெடாமல் வைக்கும் அதே திரவம். அவென்யூ ரோடு பக்கம் ஒரு ரசாயனக் கடையில் கேட்டேன். என்னைக் காலேஜ் வாத்தியார் என்று நினைத்துவிட்டார் கடைக்காரர். போட்டோவுக்கு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"போட்டோ எல்லாம் சரி சார், உள்ள ஊறப்போறது தவளையா, பாம்பா?"

நழுவிய தம்பதி

முதல் வாடிக்கையாளர் செந்தில், சேலத்திலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தவர். தன் கல்யாணப் படம் உருவாவதைப் பார்க்க சிவப்பு விளக்கடியில் கூடவே நின்றார். ஃபார்மலின் போதவில்லை போலிருக்கிறது. மாலையும் கழுத்துமாக இருவரும் தெளிவாக வந்தார்கள். வந்த வேகத்தில் பாலாடை மாதிரி சுருங்கி, தாளை விட்டு நழுவித் தட்டின் மூலைக்குப் போனார்கள்.

"பரவாயில்ல சார், ரெண்டு பேரும் சேர்ந்துதானே போறாங்க."

வாசலில் விசாரணை

அதற்குப் பிறகு ஃபார்மலினைத் தாராளமாகவே விட்டேன். நெடி சமையலறை வரை போயிற்று. அக்கா மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பி, வர்றவங்க எல்லாம் செருப்பக்கூடக் கழட்டாம, யாரு போயிட்டாங்கன்னு கேக்கறாங்க. மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க."

ஆடா, மாடா?

காலி செய்வதற்குள், அக்கா இறந்துபோன தன் கணவரின் படத்தைப் பூஜை அறைக்கு அச்சிட்டுத் தரச் சொன்னார். நன்றாக வந்தால் மனம் மாறுவார் என்று எனக்கு ஒரு நப்பாசை. வரவும் வந்தது, மீசையை முடி முடியாக எண்ணலாம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது எதுல செஞ்சது தம்பி?" என்றார்.

ஏதோ பசை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பூஜை அறை ஆயிற்றே.

"எலும்புலேர்ந்து எடுக்கற பசை, அக்கா."

"ஆடா, மாடா?"

"மாடு."

அக்கா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அறை போயிற்று என்றே நினைத்தேன்.

"ஞாயித்துக்கிழமையானா சிவாஜிநகர் போயி இவரு என்ன சாப்பிட்டுட்டு வருவாருன்னு எனக்குத் தெரியாதா? சாமி ரூம்ல வேணாம், ஹால்ல மாட்டுங்க. நீங்களும் இருந்துக்கங்க. அந்த ஆஸ்பத்திரி நாத்தம் மட்டும் ஆகாது."

அந்த வாரமே ஃபார்மலினை விட்டுவிட்டு, அதைப் போலவே ஜெலட்டினை இறுக்கும், நெடியில்லாத குரோம் படிகாரத்துக்கு மாறினேன்.