கட்டியில்லாமல் அரைத்தவர்

தெருவில் எந்த வீட்டில் மிக்சி ஓடினாலும், கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, அது யார் வீடு, பிளேடு மழுங்கிவிட்டதா, கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டதா என்று மிக்சிக்காரர் சொல்லிவிடுவார். அரைக்கிறவர் யாரோடு சண்டை போட்டுவிட்டு அரைக்கிறார் என்பதையும் சொல்வார் என்று ஒரு பேச்சு உண்டு. ஒரு முறை வீடு மாற்றப் போகிற ஒருவர் இவரை அழைத்துப்போய், மாடியில் குடியிருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று மிக்சிச் சத்தத்தைக் கேட்டுச் சொல்லச் சொன்னாராம். இவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “மனுஷங்க தங்கம். மோட்டார்தான் ரெண்டு மாசம் தாங்காது” என்றாராம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அவர் வீட்டு மிக்சி எந்தக் கடையிலும் கிடைக்காது. செத்துப்போன மிக்சிகளின் உறுப்புகளைச் சேர்த்து அவரே கட்டியது. ஒன்றின் மோட்டார், இன்னொன்றின் ஜார், எங்கிருந்தோ வந்த மூடி. பார்க்கக் கோரமாக இருக்கும். ஆனால் அது அரைத்ததை விரலில் தேய்த்துப் பார்த்தால் விரலுக்கே சந்தேகம் வரும், எதையாவது தொட்டோமா என்று.

அந்த மிக்சிக்கு முழுநேர வேலை வந்தது, மகளுக்கு ஆறு மாதம் ஆனபோது. மகளைத் தெருவே சுண்டெலி என்றுதான் கூப்பிடும். தடுப்பூசி போடுகிற நர்ஸ் அன்று மனைவியிடம் சொன்னாள்: “இனிமே பால் மட்டும் பத்தாதுக்கா. பாலும் குடுங்க, கூடவே கோதுமையோ அரிசியோ அரைச்சுக் கஞ்சியாக் காய்ச்சி ஒரு ஸ்பூன்ல ஆரம்பிங்க. ஸ்பூனைச் சாய்ச்சா ஒழுகக் கூடாது, மெதுவா நழுவணும். அப்புறம் நாளாக நாளாக கெட்டியாக்குங்க. ஒரு வயசுல நீங்க சாப்பிடுறதையே அவளும் சாப்பிடணும்.”

“நான் பாத்துக்கறேன்” என்று மிக்சிக்காரர் முந்திக்கொண்டார்.

பார்த்துக்கொண்டார். கோதுமையை வறுத்து, அரைத்து, சலித்து, சலித்ததை மறுபடி அரைத்து, கஞ்சியாக்கி, அந்தக் கஞ்சியையும் வெள்ளைத் துணியில் வடிகட்டினார். துணியில் தங்கியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொட்டினார். மாடிவீட்டு அத்தை ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஏன் தம்பி, இது கஞ்சியா, கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவுன தண்ணியா?”

“கட்டி இல்லாம இருக்கணும்ல அத்தை.”

“கட்டி இல்லாம இருக்க வேண்டியதுதான். அதுக்காகக் கஞ்சியே இல்லாம இருக்கணுமா?”

அத்தை சிரித்தாள், அவரும் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்க் குழந்தைக்கு ஊட்டினாள்.

மனைவிக்குப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. நாள் முழுவதும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். வண்டி வராது என்று சொன்னால் கத்துவார்கள், வந்துவிட்டுப் போய்விட்டது என்று சொன்னால் இன்னும் கத்துவார்கள். எல்லோருக்கும் ஒரே முகம்தான். வீட்டுக்கு வந்தாலும் அந்த முகத்தைக் கழற்றி வைக்க அவளுக்கு நேரம் ஆகும். பெரியவன் போன பிறகு கழற்றவே இல்லை.

பெரியவன் என்ற பெயரும் அவன் போன பிறகு வந்ததுதான். சுண்டெலி பிறந்ததும் இரண்டு பிள்ளைகளையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. மனைவி ஒரு நாள் வாய் தவறி அப்படிச் சொன்னாள், அது நின்றுவிட்டது. முதல் பிறந்தநாளைக்கூடப் பார்க்காத பிள்ளைக்குப் பெரியவன் என்று பெயர்.

அவன் போன அன்று கடைக்கு விடுமுறை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மதியம் மிக்சிக்காரர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தோளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்த பெரியவன், அவர் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் தானும் திறந்தான். அப்பனின் வாய்க்கு எதிரே இன்னொரு சின்ன வாய். அவருக்குச் சிரிப்பு வந்தது. தட்டில் வட்டமாக நறுக்கிய கேரட் இருந்தது. பாதி வெந்தது, கடித்தால் சத்தம் கேட்கும். ஒன்றை எடுத்து அந்தச் சின்ன வாயில் வைத்தார்.

குழந்தை அழவில்லை, இருமவில்லை. அதனால்தான் அவருக்கு முதலில் எதுவும் புரியவில்லை. புரிந்தபோது விரலை விட்டு எடுக்கப் பார்த்தார். விரல் பட்டு அது இன்னும் உள்ளே போனது. தோளில் போட்டுக்கொண்டு ஓடினார், ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. தூரம் ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் பிறகு சொன்னார்கள்.

மனைவிக்குச் செய்தி வந்தபோது, எதிரே நின்றவருக்கு டிக்கெட்டையும் மீதிச் சில்லறையையும் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாளாம். கல் நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னார்கள். கையை எப்படி நிறுத்துவது என்று அவளுக்கு அந்த நேரம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். “என்ன குடுத்தீங்க?”

“கேரட்டு.”

அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் அவர் வாங்கிக்கொண்டிருப்பார். அடித்திருந்தாலும் நின்றிருப்பார். அந்த வீட்டில் கேரட் மட்டும் இல்லாமல் போனது. அவர் கடையிலேயே சாப்பிடப் பழகினார். சாப்பிட என்ன, சோற்றில் தண்ணீரை ஊற்றிக் கரைத்து மடமடவென்று குடித்துவிட்டு டப்பாவைக் கழுவி வைப்பார்.

சுண்டெலி வளர்ந்தாள். ஒரு நாள் அவளுக்குப் பெரியவனை விட வயது கூடியது. அதை இருவரும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. கஞ்சி மட்டும் கெட்டியாகவில்லை. ஒரு வயதில் அதே கஞ்சி. ஒன்றரை வயதில் சோறும் உருளைக்கிழங்கும் சேர்ந்தன. எல்லாம் அந்த உறுப்புதான மிக்சிக்குள் போய், துணி வழியாக வெளியே வந்தன. பிள்ளைக்கு வாய் நிறையப் பல்.

மனைவி அவருக்குத் தெரியாமல் ஒரு நாள் உருளைக்கிழங்கை ஸ்பூனால் மசித்து வைத்துப் பார்த்தாள். சுண்டெலி ஓங்கரித்தாள். கடையிலிருந்து வந்தவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு, செருப்போடு உள்ளே பாய்ந்து, குழந்தையைப் பிடுங்கித் தலைகீழாகப் பிடித்து முதுகில் அடித்தார். குழந்தை வீறிட்டது. வீறிடுகிற குழந்தைக்கு மூச்சு இருக்கிறது என்பதை அவருக்கு மனைவிதான் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகு சுண்டெலி ஸ்பூனில் கட்டியைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொண்டாள். எடை நின்றுபோனது. முகம் வெளுத்தது.

நர்ஸ் எடை மெஷினைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், பிறகு அவளுடைய கீழ் உதட்டை விலக்கிப் பார்த்தாள்.

“இத்தனை பல்லு எதுக்குண்ணே வச்சிருக்கா? போட்டோவுக்கா?”

“மெல்ல மாட்டேங்கிறா சிஸ்டர்.”

“மெல்லக் குடுத்தீங்களா?”

மனைவி பெரியவனைப் பற்றிச் சொன்னாள், இரண்டே வாக்கியத்தில், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொல்வது போல. நர்ஸ் மேஜையில் இருந்த பேனாவை மூடினாள். குரலை இறக்கிப் பேசினாள்.

“அண்ணே, மெல்றதும் நடக்குற மாதிரிதான். அந்தந்த வயசுல பழகணும். தள்ளிப்போட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம். கேரட்டு, ஆப்பிள் மாதிரி கடினமானதை முழுசாக் குடுக்க வேணாம், சரி. வேகவச்சு நசுக்குனா நசுங்குறதைக் குடுக்கலாம்ல? வீட்டுலேருந்து ஏதாச்சும் கொண்டாங்க, என் எதிர்ல ஊட்டுங்க.”

மறுநாள் கொண்டுபோனார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு, கையால் உதிர்த்தது. மனைவி ஊட்டினாள். நர்ஸ் ஸ்பூனைப் பார்க்கவில்லை, குழந்தையின் கண்ணைப் பார்த்தாள். உருளைக்கிழங்கு வாய்க்குள் போனதும் அந்தக் கண் நேராக அப்பாவின் முகத்துக்குப் போனது. அங்கே என்ன பார்த்ததோ, தாடை நின்றது. ஓங்கரிப்பு வந்தது.

“அண்ணே, கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா?”

வெளியே நின்றார். தடுப்பூசிக்கு வந்த பிள்ளைகள் ஊரையே கூட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கூச்சலில் அறைக்குள்ளிருந்து எதுவும் கேட்கவில்லை. ஓடிவிடலாமா, உள்ளே பாயலாமா என்று கால் இரண்டும் இரண்டு பக்கம் இழுத்தன. கடைசியில் நர்ஸ் கதவைத் திறந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சாப்பிட்டா! பாதிக் கிண்ணம்!”

அவர் உள்ளே வந்தார். அம்மாவின் மடியில் சுண்டெலி கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். மெல்வதை நிறுத்தினாள். வாயில் இருந்ததை மெதுவாக நாக்கால் வெளியே தள்ளினாள்.

சொல்ல வேண்டியதைக் குழந்தை சொல்லிவிட்டது.

கிளம்பும் முன் நர்ஸ், தொண்டையில் ஏதாவது அடைத்தால் குழந்தையை எப்படிக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும், முதுகில் எங்கே தட்ட வேண்டும், கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டு ஏன் தோண்டக் கூடாது என்று ஒரு பொம்மையை வைத்துக் காட்டிக் கொடுத்தாள். இருவரும் செய்து பார்த்தார்கள். அவர் பொம்மையைக் கீழே வைக்காமல் கேட்டார்: “இது அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா?”

நர்ஸ் சின்ன வயதுக்காரி. பொய் சொல்லியிருக்கலாம். “தெரியலைண்ணே” என்றாள். “சில நேரம் வெளிய வந்துரும். சில நேரம் வராது.”

அன்றிலிருந்து மகள் சாப்பிடும் நேரத்தில் மிக்சிக்காரர் வீட்டில் இருப்பதில்லை. தட்டு எடுக்கிற சத்தம் கேட்டால் எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வார். மனைவி கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே ஒரு இருமல் கேட்டால் பாதி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுபடி உட்கார்வார். மாடிவீட்டு அத்தை படியில் இறங்கும்போது, “என்ன தம்பி, வாசல்ல காவலா? உருளைக்கிழங்கு தப்பிச்சு ஓடிருமா?” என்று கேட்டுவிட்டு, பக்கத்துப் படியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். உள்ளே சாப்பாடு முடிகிற வரை பேசுவாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

சுண்டெலி தேறினாள். உதிர்த்த கிழங்கு, குழைந்த சோறு, பாலில் ஊறிய ரொட்டி என்று ஒவ்வொன்றாக ஏறியது. கன்னத்தில் சதை விழுந்தது. இதெல்லாம் அவருக்குச் செய்தியாகத்தான் வந்தது. “இன்னைக்கு முட்டை சாப்பிட்டா.” “இன்னைக்கு அவளே கையால எடுத்துச் சாப்பிட்டா.” பக்கத்து ஊர்ச் செய்தி மாதிரி கேட்டுக்கொண்டார்.

ஆனாலும் ஆசை விடவில்லை. கடையில் ஒரு பழைய கண்ணாடி இருந்தது. அதை ஒரு மிக்சி ஜாரில் சாய்த்து வைத்து நல்ல முகம் ஒன்றைப் பழகினார். புருவத்தை இறக்கி, வாயை அகட்டி, பல்லைக் கொஞ்சமாகக் காட்டினார். டீ கொண்டுவந்தவர் பார்த்துவிட்டு, “பல் வலியா சார்?” என்று கேட்டார். அந்த முகத்தை மாட்டிக்கொண்டு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே போனார். சுண்டெலி அதைப் பார்த்தாள். இதுவரை பார்த்த முகமே மேல் என்று நினைத்தாளோ என்னவோ, அலறி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அன்று குழந்தை தூங்கிய பிறகு மனைவி படிக்கு வந்தாள். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எதுக்கு இப்படிப் பல்லைக் காட்டிட்டு வந்தீங்க?”

“உன்ன மாதிரி இருக்கலாம்னுதான். உனக்குப் பயமே இல்ல. என்னால முடியல.”

“பயமே இல்லையா?” அவள் சிரித்தாள், அது சிரிப்பாக வரவில்லை. “அவ ஒவ்வொரு வாய் முழுங்குற வரைக்கும் டேபிளுக்கு அடியில என் கால் ஆடுது. நீங்க மேல மட்டும் பாத்தீங்க.”

அவர் அவளுடைய காலைப் பார்த்தார்.

“இன்னொண்ணு” என்றாள். “அந்தக் கேரட்டு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நான் குடுத்தேன். அதே மாதிரி வட்டமா. நல்லாச் சப்பித் தின்னான். உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன், பாருங்க எம்புள்ளைய, எவ்ளோ சமத்துன்னு. மறந்துட்டேன். அதனாலதான் உங்ககிட்ட வாயைத் திறந்து நின்னான். நான்தான் பழக்குனேன்.”

“இத ஏன் இத்தனை நாள் சொல்லல?”

“நீ முன்னாடி குடுத்திருக்கியான்னு நீங்க கேப்பீங்கன்னு பயந்துட்டே இருந்தேன். நீங்க கேக்கல.”

பழி இரண்டாகப் பிரிந்தால் ஆளுக்குப் பாதி ஆகும் என்று தோன்றும். அப்படி ஆகவில்லை. அவருடையது அப்படியே இருந்தது. அவளுடையதும் அப்படியே இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எழும்போது அவள் சொன்னாள்: “நாளைக்கு உள்ள வாங்க. சிரிக்க வேணாம். அவளைப் பாக்க வேணாம். நீங்க பாட்டுக்கு உங்க தட்டுல சாப்பிடுங்க. அப்பா எப்படிச் சாப்பிடுவாருன்னே அவளுக்குத் தெரியாது.”

மறுநாள் மூன்று தட்டு வைத்தாள். மூன்றிலும் ஒரே சோறு, ஒரே காய். மிக்சிக்காரர் உட்கார்ந்தார். தண்ணீருக்குக் கை போனது, மனைவி சொம்பைத் தள்ளி வைத்தாள். ஒரு வாய் எடுத்து வைத்தார். பெரியவன் போன பிறகு அவர் மென்று தின்பது அதுதான் முதல் தடவை. எதிரே சுண்டெலி தன் கையால் ஒரு உருண்டையை வாயில் திணித்துக்கொண்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். மனைவியின் கை ஸ்பூனோடு நடுவில் நின்றது.

குழந்தை நிறுத்தவில்லை. அவர் தாடை ஆடுவதைப் பார்த்துக்கொண்டே தன் தாடையையும் ஆட்டினாள். அரைத்தாள். கழுத்து ஒரு முறை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டாள். அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.

அவருக்கு இறங்கவில்லை. மென்றார், மறுபடி மென்றார், அது கூழாகிவிட்டது, தண்ணீராகிவிட்டது, தொண்டை திறக்கவில்லை. கண்ணில் நீர் வந்தது. எழுந்து குழாயடிக்குப் போய்த் துப்பினார். வாயைக் கொப்பளித்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றார்.

“அப்பா எங்க?” என்று உள்ளே குழந்தை கேட்டாள்.

“அப்பா வருவாரு. நீ சாப்பிடு” என்றாள் அம்மா.

சுண்டெலி சாப்பிட்டாள்.