அப்பாவின் காலில் ஒற்றை நூல்

புதுப் பட்டுப்புடவையைப் பிரித்தபோது பிசிறு நூல் ஒன்று என் விரலில் சுற்றிக்கொண்டது. அப்பா நினைவுக்கு வந்தார்.

குடியை விட்ட புதிதில், சாராயக் கடைக்குப் போகும் நேரம் வந்தால் தறியை நிறுத்திவிடுவார். என்னிடம் தன் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் பட்டு நூலால் சேர்த்துக் கட்டச் சொல்வார்.

எனக்கு விளங்கவே இல்லை. "ஒத்த நூலுதானப்பா? எழுந்தா அறுந்துடாதா?"

"அறுந்துடும்மா. அறுக்கக் குனியறதுக்குள்ள ஏசப்பாவ ஒரு தபா கூப்பிட்டுடுவேன். அப்பால அவரு பாத்துக்குவாரு."

ஒருநாள் நான் தண்ணீர்க் குடத்தோடு திரும்பினேன். அப்பா வாசலைத் தாண்டித் தெருவில் நின்றிருந்தார். கால் விரலில் அறுந்த நூல் தொங்கியது, உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. என்னைக் கண்டதும் தெருவிலேயே உட்கார்ந்து கால்களை நீட்டினார்.

"இன்னொரு தபா கட்டும்மா."

இப்போது என் விரலில் சுற்றியிருந்த புடவை நூலை இழுத்துப் பார்த்தேன். உடனே அறுந்துவிட்டது. இதுவா அவரைப் பிடித்து வைத்தது?