அடைப்புக்குறிக்குள் ஒரு கூட்டல் குறி

மூன்று வருடங்களுக்கு முன்பு, டுரியான் பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பாலிக் புலாவ் பேருந்து நிலையத்தில் நின்றிருந்த ஒரு பேருந்துக்குள் உட்கார்ந்து நான் அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பேருந்தின் ஓட்டுநர் என் கணவர். அழ வைத்தது லாகரிதம்.

சொன்னால் சிரிப்பீர்கள். அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடமாக வேலை. அங்கே டெக்னீஷியன் ஆக வேண்டுமென்றால் டிப்ளோமா படிக்க வேண்டும். அதில் சேர, பள்ளியை முடிக்கும் ஐந்தாம் படிவப் பிள்ளைகள் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் கணிதத்தில் கிரெடிட், அதாவது சி தரமாவது, வாங்கியிருக்க வேண்டும். நானோ பள்ளியில் கலைப்பிரிவு. அந்தப் பாடத்தின் பக்கமே போனதில்லை. வேலையிடத்தில் டிப்ளோமாவுக்கு அனுப்ப ஆள் எடுப்பது அடுத்த வருடத்தோடு முடிகிறது என்று கேள்விப்பட்டதும், துணிந்து தனித்தேர்வராகப் பதிந்துவிட்டேன்.

சனிக்கிழமைகளில் ஜெலுத்தோங்கில் டியூஷன். முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் நான் ஒருத்தி. "ஆண்டி, அழிரப்பர் இருக்கா?" என்று பக்கத்துப் பெண் கேட்பாள். பாடம் நடத்திய ஆசிரியை என்னைவிட இளையவர், பொறுமைசாலி. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் அவரும் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்? வீட்டில் செய்யும் பயிற்சிகளைப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடைகளை வைத்து நானே திருத்திக்கொள்வேன்.

மாதிரித் தேர்வில் நூற்றுக்கு இருபத்தாறு வாங்கினேன். தாளைக் கொடுத்தபோது ஆசிரியை மெதுவாகச் சொன்னார். "அக்கா, அடுத்த வருஷம் எழுதலாமா? யோசிச்சுப் பாருங்க." அடுத்த வருடம் எழுதினால் முடிவு வருவதற்குள் ஆள் எடுப்பதே முடிந்துவிடும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அடுக்குமாடியில் மேல்வீட்டுக்காரர்கள் சுவரை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ட்ரில் சத்தத்தில் பென்சில்கூட நடுங்கியது. "என் பஸ்ல வந்து உட்கார்ந்து போடேன். காத்தாவது வரும்," என்றார் கணவர். போனேன். மலைப்பாதை வளைவுகளில் எழுத முடியாது என்பதால் நிறுத்தம் வரும்போதெல்லாம் எழுதினேன். பாலிக் புலாவ் வந்து சேர்ந்ததும் பயணிகள் இறங்கிப் போனார்கள். நான் விடைகளை எடுத்துத் திருத்தினேன். பக்கம் முழுக்கச் சிவப்பு.

அங்கே அவருக்கு இருபது நிமிட ஓய்வு. பாக்கெட்டில் கட்டிய ஐஸ் டீயோடு ஏறி வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"நான் பரீட்சைக்குப் போகப் போறதில்ல."

"அப்படி என்ன வந்துச்சு? கொடு லா, பார்க்கிறேன்."

"நீங்க பார்த்து என்ன செய்யப் போறீங்க? மூணாம் படிவத்தோட நின்னவருக்கு லாக் பத்தி என்ன தெரியும்?"

மூன்றாம் படிவத்தோடு அவர் நின்றது விரும்பி அல்ல. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

அவர் என் மடியிலிருந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் முன்கதவுப் படியில் உட்கார்ந்தார். டீயை உறிஞ்சியபடி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முன்னால் போவார், பின்னால் வருவார், ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பார்ப்பார்.

காய்கறிப் பையோடு ஒரு சீன மூதாட்டி வந்தார். பேருந்து எப்போது கிளம்பும் என்று மலாயில் கேட்டவர், நோட்டை எட்டிப் பார்த்து, "பிள்ளையோட புத்தகமா?" என்றார். "இல்ல ஆண்டி, என் மனைவியோடது. பெரிய கணக்கெல்லாம் போடறாங்க," என்று இவர் மலாயில் சொன்னார். அந்தக் குரலில் கோபம் இல்லை, பெருமைதான் இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் என்னிடம் வந்தார்.

"ஒண்ணு கேட்கிறேன், கோபப்படாத. இந்த அடைப்புக்குறிக்கு உள்ள பெருக்கல் இருந்தா உனக்கு எல்லாம் சரியா வருது. உள்ள கூட்டல் இருந்தா அத்தனையும் தப்பு. எட்டுப் பக்கம் பார்த்துட்டேன், ஒண்ணுகூட மாறல. அது ஏன்?"

நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். லாக் (x + 6) என்று வந்த இடத்திலெல்லாம் லாக் x கூட்டல் லாக் 6 என்று பிரித்து வைத்திருந்தேன். அது பெருக்கலுக்கான விதி. சின்ன எண்களை வைத்துச் சோதித்தேன். அடிமானம் இரண்டு. நாலும் நாலும் எட்டு. எட்டுக்கு லாக் மூன்று. நாலுக்கு லாக் இரண்டு; தனித்தனியாக எடுத்துக் கூட்டினால் நான்கு. மூன்றும் நான்கும் எப்படி ஒன்றாகும்? ஐந்து மாதமாக ஒரே தவற்றைச் செய்துவிட்டு, எனக்கு மூளையே இல்லை என்று அழுதிருக்கிறேன்.

"கரெக்டா?" என்றார்.

"நான்தான் தப்பு," என்றேன். கணக்கைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. "சரி சரி, நேரமாச்சு. கண்ணைத் துடை, ஆளுங்க ஏறுறாங்க," என்று போய் இன்ஜினைக் கிளப்பினார்.

அன்றிலிருந்து என் நோட்டைத் திருத்துவது அவர் வேலையாயிற்று. நுண்கணிதத்தில் தொகையீட்டுக்கு வந்தபோது, "இது என்ன, எஸ் எழுத்தைப் பிடிச்சு இழுத்து வச்ச மாதிரி?" என்று சிரித்தார். ஒரு வாரம் விடைகளைப் பார்த்தவர் தானே ஒரு முடிவுக்கு வந்தார். "அந்த நீள எஸ்ஸுக்கு மேலயும் கீழயும் நம்பர் இருந்தா கடைசியில c வேணாம். இல்லன்னா வேணும். சரிதானே?" சரிதான்; விடையின் கடைசியில் சேர்க்கும் மாறிலி அது. அதற்குப் பிறகு சமையலறையிலிருந்து "c போட்டியா?" என்று குரல் வரும். பல நாள் போட்டிருக்க மாட்டேன்.

தேர்வுத் தாளில் லாகரிதக் கேள்வி வந்தது. அடைப்புக்குறிக்குள் கூட்டல். பழைய பழக்கத்தில் பிரிக்கப் போன பேனாவை நிறுத்திவிட்டு, ஒரு தடவை மூச்சு விட்டேன். பிறகு சரியாகப் போட்டேன். முடிவு வந்த நாளில் அவர் கைப்பேசியில் வந்த தகவலை இரண்டு முறை படிக்கச் சொன்னார். சி பிளஸ். பெரிய மதிப்பெண் இல்லை. ஆனால் கிரெடிட். "இது போதுமா? நல்லாப் பார்த்துச் சொல்லு," என்று மூன்றாவது முறையும் கேட்டவர், போதும் என்றதும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் ஜாஸ்தி என்றார். வீட்டுக்குள்தான் நின்றிருந்தோம்.

இப்போது டிப்ளோமா இரண்டாம் வருடம் படிக்கிறேன். அன்று படியில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு லாகரிதம் என்றால் என்னவென்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் அவ்வளவு புண்படுத்திய பிறகும் ஒருவர் நம் தவறுகளை ஒவ்வொன்றாக, அன்போடு உட்கார்ந்து பார்ப்பது எத்தனை பெரிய படிப்பு என்பதை நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.