முக்கோண ஜீப்

நாற்பத்து நான்கு வயது வரைக்கும் குற்றாலிங்கம் இரும்பில் வாங்கியிருந்த பெரிய சாமான்கள் ஒரு சைக்கிளும் ஒரு பீரோவும்தான். இரண்டையும் அவர் அவசரப்பட்டு வாங்கவில்லை. சைக்கிளுக்கு ஒன்றரை வருஷமும் பீரோவுக்கு மூன்று வருஷமும் யோசித்தார். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் இந்த நிதானம் இல்லை. ஏழு பேர்.

தென்காசியில் மொட்டைக் கோபுரம் தெரிகிற தெரு ஒன்றில் வீடு. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது, ஊரை ஒட்டிய வயலெல்லாம் மற்றவர்களுக்குப் போக, இவர் பங்குக்கு மேக்கரைக்கும் அப்பால் மலையடிவாரத்தில் இருந்த தோப்பு வந்தது. தென்னையும் எலுமிச்சையும். நல்ல தோப்புதான். போய்ச் சேருவதுதான் கஷ்டம். தென்காசியில் பஸ் ஏறி, செங்கோட்டையில் மாறி, பண்பொழி தாண்டி வடகரையில் இறங்கி, அங்கிருந்து வண்டித்தடத்தில் நாலு மைல் நடக்க வேண்டும். நடுவில் ஒரே ஓடை மூன்று இடத்தில் குறுக்கே வரும். தோப்புக்குப் போய் ஒரு இளநீர் குடித்து முடிப்பதற்குள் கடைசி பஸ்ஸின் நினைப்பு வந்துவிடும். தோப்பைப் பார்த்ததைவிட அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

ஒரு தடவை வாடகைக் கார் பிடித்துப் போனார். காரின் சைலன்சர் இரண்டாவது ஓடையில் தங்கிவிட்டது. டிரைவர் தோப்பு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது மூடவில்லை.

1974 ஐப்பசியில் அந்த இரண்டாவது ஓடையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் குறையட்டும் என்று ஒரு பாறைமேல் நின்றுகொண்டிருந்தார். அப்போது அணைக்கட்டு வேலைக்கு இடம் அளக்க வந்த எஞ்சினியரின் ஜீப் ஓடையில் இறங்கியது. தண்ணீரைப் பிளந்து அக்கரை ஏறிப் போயிற்று. எஞ்சினியர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். தண்ணீருக்காகப் பேச்சைக்கூட அவர் நிறுத்தவில்லை. குற்றாலிங்கத்தின் மனதில் தைத்தது அதுதான்.

நாலு வருஷம் யோசித்தார்.

1978 ஆவணியில், அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கழித்துப்போட்ட வண்டிகளைத் திருநெல்வேலியில் ஏலம் விடுவதாகத் தெரியவந்தது. தென்காசியில் பட்டறை வைத்திருந்த மசூதுவைக் கூட்டிக்கொண்டு போனார். மசூது பட்டாளத்தில் ஜீப் ஓட்டியவர். நின்றிருந்த நான்கு ஜீப்புகளின் அடியிலும் படுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாவதைக் காட்டினார்.

"அடிச்சட்டம் நேரா இருக்கு அண்ணாச்சி. எஞ்சின் கொஞ்சம் எண்ணெ குடிக்கும். ஆனா சாகாது."

வெளிர்ப் பச்சை வண்டி. மேலே கித்தான் கூரை. முன்கண்ணாடியை மடித்துப் பானெட்மேல் படுக்க வைத்துக்கொள்ளலாம். தரையிலிருந்து மூன்று கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று சாதாரண கியர், ஒன்று முன்சக்கரத்தையும் சேர்த்து இழுக்க, ஒன்று மெதுவாக மலையேற. கூரைக்கு முன்னால் ஒலிபெருக்கி கட்டுகிற கம்பி இருந்தது. பக்கவாட்டுத் தகடு இரண்டிலும் முழங்கை நீளத்துக்குத் தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம். அதன் கீழே அப்பா, அம்மா, பையன், பெண் என்று நாலு சிரித்த முகங்கள். அதற்கும் கீழே, "நாம் இருவர் நமக்கு இருவர்."

மசூது முக்கோணத்தைப் பார்த்தார். பிறகு குற்றாலிங்கத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சிக்கு எத்தன, ஆறா?"

"ஏழு."

"சரி. கையெழுத்தப் போடுங்க."

மசூது வண்டியை ஓட்ட, ஊர் திரும்பியபோது முதலில் ஒன்றும் புரியவில்லை. ஆலங்குளம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து, யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், சோளக்காட்டுக்குள் போய்விட்டார்கள். பாவூர்சத்திரத்தில் சலூனிலிருந்து ஒருவர் பாதிக் கன்னத்தில் சோப்போடு வெளியே வந்து, ஜீப்பைப் பார்த்துவிட்டுச் சந்துக்குள் ஓடினார். எமர்ஜென்சி முடிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஆட்களைப் பிடித்துப்போய்க் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்ற பயம் தீரவில்லை.

வீட்டு வாசலில் அவர் மனைவி அகிலாண்டேஸ்வரி ஏழு பிள்ளைகளோடு நின்றாள். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, எழுதியிருந்ததை நிதானமாக வாசித்தாள்.

"இந்த வண்டியில இந்த ஏழையும் ஏத்திக்கிட்டு நான் கோயிலுக்குப் போவணுமாக்கும்?"

"பெயிண்ட் அடிச்சிரலாம்ட்டி."

"அடிங்க. அது வரைக்கும் எங்களக் கூப்பிடாதிய."

கரும்பச்சை அடித்தார்கள். ஒரு மழைதான் பெய்தது. முக்கோணம் பச்சைக்கு மேலே மங்கலாக எட்டிப் பார்த்தது. மறுபடி அடித்தார்கள். சித்திரை வெயிலில் அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டார்கள். மூன்றாவது தடவை மசூது டப்பாவை மூடி வைத்துவிட்டார்.

"அடிச் செவப்பு ஊறிட்டு அண்ணாச்சி. தகட்ட மாத்துனாத்தான் உண்டு. அதுக்கு நீங்க இன்னொரு வண்டியே வாங்கலாம்."

குற்றாலிங்கம் மாற்றவில்லை. ஓட்டுவதற்குத்தானே வாங்கினோம், வாசிப்பதற்கா என்று கேட்டார். சீசன் முடிந்து ஆளரவம் இல்லாத குற்றாலம் ரோட்டில் மசூது அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஒரு தடவை வயலுக்குள்ளும் ஒரு தடவை வாழைத்தோப்புக்குள்ளும் போனார். இரண்டு தடவையும் ஜீப் தானே வெளியே வந்துவிட்டது. லைசென்ஸ் கிடைத்தது. மணிக்கு இருபது மைலுக்கு மேல் அவர் போவதில்லை. அதற்கு மேல் போனால் எஞ்சின் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை என்பார்.

தோப்புக்கு இப்போது ஒன்றே கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் அங்கே போனால் ஆள் இருக்காது. ஜீப் சத்தம் கேட்டதும் தேங்காய் வெட்ட வந்தவர்கள், களை எடுக்க வந்தவர்கள் எல்லாரும் மலைக்குள் போய்விடுவார்கள். காவல்காரன் நல்லகண்ணுவுக்கு நாலு பிள்ளைகள். அவன் ஓடவில்லை, தென்னை மரத்தில் ஏறிக்கொண்டான்.

"ஏலே, எறங்குலே. நான்தான்."

"நீங்கன்னு தெரியுது ஐயா. கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல."

"பின்சீட்டுக் கித்தானத் தூக்கிக் காட்டுங்க."

தூக்கிக் காட்டினார். அப்புறமும் கால் மணி நேரம் யோசித்துத்தான் அவன் இறங்கினான். அதிலிருந்து குற்றாலிங்கம் ஜீப்பை ஒரு மைலுக்கு முன்பே புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, தோப்புக்கு நடந்தே போனார். அகிலாண்டேஸ்வரி இதைக் கேள்விப்பட்டாள். சாதம் பரிமாறும்போது ஒரு தடவை சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அவள் அந்த வண்டியில் கால் வைக்கவில்லை. 1979 ஐப்பசியில் கந்தசஷ்டிக்குப் பண்பொழித் திருமலைக்கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. நாலு நாளாக விடாத மழை. பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. முக்கோணத்தின்மேல் ஒரு பழைய ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, பிள்ளைகளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, பட்டுச்சேலையோடு ஏறி உட்கார்ந்தாள். மலைப்படி ஏறிச் சாமி கும்பிட்டு இறங்கியபோது மணி பதினொன்று. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், தோப்பில் ஓடைக்கரை உடைந்திருக்கிறதா என்று ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்றார் குற்றாலிங்கம்.

மூன்று ஓடையையும் எப்படியோ தாண்டிவிட்டார்கள். புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தும்போதே நல்லகண்ணு எதிரே ஓடி வந்தான். அந்த ஜீப்பை நோக்கி ஒரு ஆள் ஓடி வந்தது அதுதான் முதல் தடவை.

"ஐயா, எம் பொண்டாட்டிக்கு விடியக்காலம் புடிச்சு வலி. மருத்துவச்சி தண்ணியத் தாண்ட மாட்டேங்கா."

தோப்புக்கு நடந்து அவன் குடிசைக்குள் போன அகிலாண்டேஸ்வரி இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தாள். "இங்கன வச்சிருந்தா சரிப்படாது. வண்டியக் கொண்டாங்க."

வைக்கோலைப் பரப்பி அதன்மேல் பாயைப் போட்டு, நல்லகண்ணுவின் மனைவி இராமலட்சுமியை ஜீப்பின் பின்பக்கம் படுக்க வைத்தார்கள். அகிலாண்டேஸ்வரி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மலையில் மழை வலுத்திருந்தது. முதல் ஓடை சக்கரத்தை நனைத்தது. இரண்டாவது, காலடித் தகடு வரைக்கும் வந்தது. மூன்றாவது ஓடைக் கரையில் குற்றாலிங்கம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். தண்ணீர் செம்மண் நிறத்தில் சத்தம் போட்டுக்கொண்டு போயிற்று.

மசூது அவருக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார். ஆழமான தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன் சுற்றித் தண்ணீரை எஞ்சின்மேல் இறைத்து, நடு ஓடையில் அணைத்துவிடும். குற்றாலிங்கத்துக்குத் தெரிந்த ஒரே மெக்கானிக் வேலை அது. பானெட்டைத் தூக்கி ஸ்பேனரை எடுத்தார். போல்ட்டு ஒன்று நழுவிச் சேற்றில் விழ, தடவி எடுத்தார். பின்னால் இராமலட்சுமி மலையே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"என்ன செய்யுதிய அங்க?" என்றாள் அகிலாண்டேஸ்வரி.

"பெல்ட்டக் கழத்துதேன்."

"இப்பமா?"

"இப்பந்தான் கழத்தணும்."

கழற்றி முடித்தார். நல்லகண்ணு ஒரு கயிற்றைப் பம்பரில் கட்டி, மறு நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கம்பு ஊன்றி ஆழம் பார்த்தபடி முன்னால் இறங்கினான். தொடையளவு தண்ணீர். குற்றாலிங்கம் மூன்று கம்பிகளையும் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, காலை ஒரே அழுத்தாக வைத்துக்கொண்டு இறக்கினார். தண்ணீர் பெடலை மூடியது. அவருடைய முழங்காலையும் மூடியது. ஜீப் ஒரு பக்கமாக நகர்ந்து, பாறை தட்டி, மறுபடி முன்னேறியது. அந்த எஞ்சினியர் அன்றைக்கு என்னதான் பேசிக்கொண்டிருந்திருப்பார் என்று அவருக்கு அப்போது தோன்றியது.

"ஏங்க, நிறுத்துங்க!"

"நடுத்தண்ணியில நிக்கோம். நிறுத்துனா திரும்ப ஸ்டார்ட் ஆவாது."

"அப்ப ஆட்டாமப் போங்க."

"ஓடைக்குள்ள ஆட்டாம எப்பிடிட்டி போவ?"

"அப்ப வாய மூடிக்கிட்டுப் போங்க."

வாயை மூடிக்கொண்டு போனார். அக்கரை மேட்டில் முன்சக்கரம் ஏறுகிற நேரத்தில் பின்னால் ஒரு சின்ன அழுகை கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேடு முழுவதும் ஏறி, வண்டி சமதளத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தார். அகிலாண்டேஸ்வரி தன் கையிலிருந்ததை அவருடைய பட்டுத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பொட்டப்பிள்ள. தாயும் முழிச்சிருக்கா. நீங்க பெல்ட்ட மாட்டுங்க."

பெல்ட்டை மாட்டுவதற்கு முன்னால் அவர் ஜீப்பின் மறுபக்கம் போய், சக்கரத்தைப் பார்ப்பதுபோல் குனிந்து கொஞ்ச நேரம் அழுதார். ஏழு பிள்ளைகள் பிறந்தபோதும் அவர் வீட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தார். இவ்வளவு பக்கத்தில் ஒன்று பிறந்து அவர் கேட்டதில்லை.

செங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஜமுக்காளம் ஓடையோடு போயிருந்தது. வாசலுக்கு வந்த நர்ஸ் தகட்டில் இருந்த முக்கோணத்தைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் கேம்ப் அடுத்த வாரம்லா? இன்னைக்கே ஆளக் கூட்டிட்டு வந்துட்டியளே" என்றாள்.

"இங்க பிள்ள பொறந்தாச்சு. அதப் பாருங்க மொதல்ல" என்றாள் அகிலாண்டேஸ்வரி.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ஜீப்பைக் கண்டு யாரும் ஓடவில்லை. தேடி வர ஆரம்பித்தார்கள். வடகரையிலிருந்தும் மேக்கரையிலிருந்தும் தென்காசி வீட்டுக்கு ஆள் வரும். அகிலாண்டேஸ்வரிதான் விசாரிப்பாள். எத்தனையாவது, வலி எப்போது ஆரம்பித்தது, தண்ணீர் உடைந்ததா என்று கேட்டுவிட்டு உள்ளே திரும்பி, "ஏங்க, சட்டையப் போடுங்க" என்பாள். அவர் சட்டையைப் போடுவார். ஏழு வருஷத்தில் பதினாறு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒரு தடவை மட்டும் தாமதமாகிவிட்டது. மேக்கரைப் பெண், முதல் பிரசவம். பிள்ளை தங்கவில்லை. மறுநாள் குற்றாலிங்கம் பட்டறைக்குப் போய், இன்னும் வேகமாகப் போக இந்த எஞ்சினில் ஏதாவது செய்ய முடியுமா என்று மசூதுவிடம் கேட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்ததை மசூது வெகுநாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

1986இல் வண்டித்தடம் தார் ரோடானது. மூன்று இடத்திலும் பாலம் வந்தது. ஆட்கள் வேனில் போக ஆரம்பித்தார்கள். குற்றாலிங்கத்துக்கு ஒரு கண்ணில் புரை விழுந்து, டாக்டர் இனி ஓட்டக்கூடாது என்றார். பிள்ளைகளில் மூத்தவன் மதராஸில் வேலையாக இருந்தான். அவன் ஊருக்கு வந்தபோது ஜீப்பில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, முதுகு வலிக்கிறது என்று இறங்கிவிட்டான்.

புளியறையில் மரக்கடை வைத்திருந்த வர்கீஸ் என்ற மலையாளி வந்து பார்த்தார். குற்றாலிங்கம் ஒரு குறையையும் மறைக்கவில்லை. எண்ணெய் குடிப்பது, இரண்டாவது கியர் தானே நழுவுவது, மழையில் கித்தான் ஒழுகுவது எல்லாவற்றையும் சொன்னார். வாங்க வந்தவருக்கே சங்கடமாகிவிட்டது.

"போதும் சாரே. எனக்கு இது மதி. மலை மேல மரம், தடி எடுக்கான் வேண்டித்தான்."

ஒப்படைக்கிற அன்றைக்கு மசூது ஓட்ட, அகிலாண்டேஸ்வரியும் வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். புளியறையில் செக்போஸ்ட்டுக்கு முன்னால் லாரிகள் வரிசையில் நின்றன. சாவியை வாங்கிய வர்கீஸ், லாரிகளைச் சுற்றிக்கொண்டு மலைரோட்டில் ஏறினார். முதல் வளைவு வரைக்கும் தெரிந்தது. அதன் பிறகு சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"பசிக்கி" என்றாள் அகிலாண்டேஸ்வரி.

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் ஓட்டலில் சாப்பிட்டதே இல்லை. செக்போஸ்ட் பக்கத்து ஓட்டலில் லாரிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார்கள். பழபஜ்ஜி வந்தது. நேந்திரம்பழத்தை நீளவாக்கில் கீறிப் பொரித்திருந்தார்கள். அவள் ஒன்றைத் தின்று முடித்து, கையைத் துண்டுக் காகிதத்தில் துடைத்து, தட்டைப் பார்த்தாள்.

"இதுல சீரகம் போட்டிருக்கான். நம்ம வீட்டுல போடுறதில்ல. இன்னும் ரெண்டு சொல்லுங்க."

குற்றாலிங்கம் யோசிக்காமல் நாலு சொன்னார்.