பத்து எண்ணும் வரை

எங்கள் வில்கராவுக்கு வருகிறவர்கள் காலையில் பழைய சிறைச்சாலையைப் பார்ப்பார்கள். பத்தரை மணிக்கு என் பேக்கரியில் மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' தின்பார்கள். மதியத்துக்கு மேல் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய் ஒயின் ருசிப்பார்கள். தங்கம் தோண்டிய காலத்துக் கட்டடங்களைப் பார்த்து வாய் பிளக்கிற இவர்கள், அங்கே ஒயின் ஊற்றிக் கொடுத்த நெரிடா காக்லனின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. எனக்கு அதில் என்றுமே கோபம் உண்டு.

நெரிடா ஹாடோ தோட்டத்து ருசிமேடையில் இருபத்தாறு வருடம் நின்றவள். மூக்கு என்றால் அவளுடைய மூக்குதான். என் அடுப்பில் காஸ் கசிந்ததைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றே சொன்னாள். அவள் புருஷன் வேறொருத்தியைத் தேடிக்கொண்டதையும் சட்டையை மோந்தே கண்டுபிடித்தாள் என்று ஊரில் ஒரு பேச்சு. அவளிடமே கேட்டுவிட்டேன். "அதுக்கு மூக்கு எதுக்கு? கண்ணு போதும்" என்றாள்.

தோட்டத்துக்காரன் க்ளைவ் ஹாடோ அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். நல்லவன்தான். ஆனால் அவன் ஒயினை யாரும் குறை சொல்லக் கூடாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

எங்கள் பக்கம் கோடை ஜனவரியில். அப்படி ஒரு கோடையில் மலையில் காட்டுத்தீ பிடித்தது. தீ தோட்டத்துக்கு வரவில்லை, புகை மட்டும் மூன்று வாரம் பள்ளத்தாக்கில் படுத்துக் கிடந்தது. புகை குடித்த திராட்சையைப் பறித்துத் தின்றால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, இனிக்கவே செய்யும். அதனால் அறுவடைக்கு முன்பு ஒரு வாளியில் கொஞ்சம் நசுக்கிப் புளிக்கவிட்டு ருசி பார்ப்பார்கள். க்ளைவ் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். நெரிடா ஒரு வாய் குடித்து, சற்றுப் பொறுத்து, "சாம்பல்" என்றாள்.

"சாம்பலா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"சில பேர் நாக்குக்கு அது தெரியாது க்ளைவ். உன் நாக்கு அப்படி."

"நாலு தலைமுறையா ஒயின் போடற குடும்பத்து நாக்கு இது. நீ ஊத்தறவ. ஊத்து, போதும்."

அறுவடை நடந்தது. தொட்டிகள் நிறைந்தன. ஜூன் மாதத்து நீண்ட விடுமுறை முடிந்து, செவ்வாய்க்கிழமை, தோட்டத்துக்கே வந்து ஒயினைப் புட்டியில் அடைத்துத் தருகிற லாரி வருவதாக ஏற்பாடு. அடைத்துவிட்டால் ஹாடோ பெயரைத் தாங்கி அந்தச் சாம்பல் ஊர் ஊராகப் போகும். அடைக்காவிட்டால் விற்க ஒன்றுமே இல்லை. முந்தைய வருட விளைச்சல் பனியில் போயிருந்தது. ருசிமேடையை மூட வேண்டும், நெரிடாவுக்கு வேலை போகும்.

"பேசாம இரு. உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்காத" என்று நான் சொன்னேன்.

"இருபத்தாறு வருஷமா ஜனங்க முகத்தப் பாத்து ஊத்தறேன்டி. இத ஊத்திட்டு எங்க பாக்கறது?"

அந்த விடுமுறைச் சனிக்கிழமை மதியம் நான் பைத் தட்டுகளோடு அங்கே போனபோது மேடை நிறையக் கூட்டம். க்ளைவ் தொட்டியிலிருந்தே கூஜாவில் பிடித்து வந்து, "புதுசு, ருசி பாருங்க" என்று நீட்டிக்கொண்டிருந்தான். ஊற்றுகிறவள் வீட்டு ஒயினைப் பற்றி விருந்தாளி முன் ஒரு சொல் தப்பாகச் சொல்லக் கூடாது. அது எங்கள் பக்கத்து மரியாதை. நெரிடாவும் சொல்லவில்லை. சிறைச்சாலை பார்த்துவிட்டு வந்த ஒரு தம்பதிக்கு ஊற்றினாள். அந்தப் பெண் குடித்துவிட்டு, "நல்லாருக்கே" என்று சிரித்தாள். க்ளைவ் அதைக் காதில் வாங்கிய குளிர்ச்சியில் அடுத்த கூட்டத்துக்கு நகர்ந்தான். அன்று முழுக்க அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

நெரிடா அவன் சட்டைக் கையைப் பிடித்து, நான் நின்ற ஓரத்துக்கு இழுத்துக் கிசுகிசுத்தாள்.

"போகாத. பத்து எண்ணு."

"என்னத்துக்கு?"

"அந்தப் புகை எச்சில்ல ஊறித்தான் வெளிய வரும். நாக்கு இல்லன்னா என்ன, கண்ணு இருக்கில்ல. அவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே எண்ணு."

அவன் எண்ணினான். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. ஆறு வரை அந்தப் பெண் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஏழில் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்தாள். ஒன்பதில், "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டாள். மிச்சத்தை, எங்கள் மனம் நோகாதபடி, ருசித்ததைத் துப்புவதற்கு வைத்திருந்த வாளியில் மெதுவாகச் சாய்த்தாள். அவளும் நாகரிகம் தெரிந்தவள்தான்.

க்ளைவ் இன்னும் ஐந்து பேரை அப்படிப் பார்த்தான். ஒருவர் மட்டும் முகம் மாறாமல் இரண்டாவது கிளாஸ் கேட்டார். பாவம், அவருக்கும் க்ளைவின் நாக்கு. பிறகு கூஜாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

மேடை மூடியதும் லாரிக்காரனுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றான். தொட்டிக் குழாயைத் திறக்கும்போது நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்றோம். ஒரு வருடத்து உழைப்பு சாக்கடையில் போவதைப் பார்த்து நான் அழுதேன். அவர்கள் அழவில்லை.

"நாளையிலேர்ந்து உனக்கு ஊத்த ஒண்ணும் கிடையாது. தெரியுமில்ல?" என்றான் க்ளைவ்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொன்னியா?"

"நாலு மாசமா அதத்தானே சொல்றேன், செவுடா."

நெரிடா இப்போது பழைய சிறைச்சாலையில் நுழைவுச் சீட்டு கொடுக்கிறாள். அடுத்த வருடம் க்ளைவ் கூப்பிட்டான். நின்று நின்று முட்டி தேய்ந்துவிட்டது, வர மாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் வருடா வருடம் அறுவடைக்கு முன்பு, வாளி ஒயினைக் கிளாஸில் எடுத்துக்கொண்டு அவன் அந்தச் சீட்டு ஜன்னலுக்கு வருகிறான். பின்னால் நிற்கிற வெளியூர்க்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவள் ஒரு வாய் குடிப்பாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி, பத்து வரை எண்ணுவான்.