அண்ணனின் அடிக்குரல்

கண்டியில் எங்கள் பலசரக்குக் கடைக்கு மேலே உள்ள மாடியை ஒரு டியூஷன் வகுப்புக்கு வாடகைக்கு விடுவதென்று அண்ணன் முடிவு செய்தார். அங்கே கிடந்த ரேடியோகிராமை என்ன செய்வது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. ரேடியோவும் இசைத்தட்டு மெஷினும் சேர்ந்த, அலுமாரி அளவுக்குப் பெரிய சாமான் அது. பாதிப் பலகையைக் கறையான் தின்றுவிட்டது. மீதிப் பாதிக்குள் கடைப் பையன்கள் வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்கள்.

அண்ணி வத்தேகமயில் இருந்த என்னைத் தொலைபேசியில் பிடித்தார். “ஒங்கப்பா வாங்குன சாமான். நீங்களே வந்து வேணுங்கிறத எடுத்துக்கிட்டு, மிச்சத்தத் தூக்கிப் போடச் சொல்லிட்டுப் போங்க. நான் போட்டா, நாளைக்கு ஒங்க அண்ணன் என்னையத்தான் சொல்லுவாரு.”

போனேன். தபால் கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இப்படிப்பட்ட அழைப்புகளுக்கு மறுப்புச் சொல்லக் காரணம் கிடைப்பதில்லை. வெங்காயத் தோலையெல்லாம் அள்ளிப் போட்ட பிறகு, தட்டு சுழலும் இடத்தில் அது அப்படியே இருந்தது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே இசைத்தட்டு.

அப்பா அந்த ரேடியோகிராமை ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் வாங்கினார். துரை சாமான்களை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிய நேரம். தட்டு அதற்குள்ளேயே கிடந்தது, இலவசம். உறை இல்லை. நடுவில் ஒட்டியிருந்த தாள் எப்போதோ மழையில் நனைந்து சிவப்புக் கறையாகிவிட்டது. பாடியது யார், என்ன பாட்டு, எதுவும் தெரியாது. மூன்று ஆண்கள் சேர்ந்து பாடினார்கள் என்பது மட்டும் தெரியும். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற கனத்த குரல்கள். மெதுவாக, மிக மெதுவாக, ஒரு சொல்லை இழுத்து முடிப்பதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். எங்கள் தெருவில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒரு வாத்தியார்தான். அவர் மாடிக்கு வந்து கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இது இங்கிலீஷ் இல்லீங்க. லத்தீன். சர்ச்சுல பாடுற பாட்டு” என்றார். அன்றிலிருந்து அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தத் தட்டைப் போட்டார். எந்தச் சாமியாக இருந்தால் என்ன என்று ஊதுபத்தியும் கொளுத்தினார்.

நாங்கள் மூன்று பிள்ளைகள், ஓர் ஆணும் இரண்டு பெண்களும். குரலும் மூன்று. பங்கு பிரித்துக்கொண்டோம். மேலே ஓடும் மெட்டு தங்கச்சிக்கு. எல்லாவற்றுக்கும் கீழே உறுமும் அடிக்குரல் அண்ணனுக்கு. நடுவில் மாட்டிக்கொண்ட எனக்கு நடுக்குரல். அதில் மெட்டு என்று ஒன்றுமே இல்லை, ஒரே இடத்தில் நின்று முனகுவதுதான். ஒரு பாட்டில் மட்டும் எனக்கு முக்கியமான வேலை இருந்தது. அதில் நடுக்குரல்காரர் துக்கம் தாங்காமல் விம்முவார். “ஹோ… ஹோ… ஹோ…” என்று நெஞ்சு அதிரும் விம்மல். கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி செய்து அதை அப்படியே கொண்டுவந்தேன்.

பெரியப்பா இறந்தபோது அந்தத் தட்டைத்தான் அப்பா போட்டார். ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் முதலில் கொஞ்சம் திகைத்தார்கள். விம்மல் வந்ததும் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வெள்ளைக்காரனே இப்படி அழுகிறானே என்று தெருவே பேசியது.

நானும் தங்கச்சியும் வளர்ந்து வேலை, கலியாணம் என்று போனதும் பாட்டை மறந்தோம். அண்ணன் மறந்தாலும் அவர் குரல் மறக்கவில்லை. அடிக்குரல் அவரோடேயே தங்கிவிட்டது. “சாப்பிட்டியா?” என்று அவர் கேட்டால், யாரோ தவறிப்போன செய்தியை நம்மிடம் பக்குவமாகச் சொல்லப்போகிறார் என்று தோன்றும். கண்டியிலும் சுற்றுப்பக்கத்திலும் நம் ஆட்கள் யார் இறந்தாலும் இரங்கல் பேச அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற கணக்கு மாஸ்டரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். சொந்த ஊர் யாழ்ப்பாணம். கனடாவில் இருக்கும் மகள், சூட்கேஸ் போல மூடித் திறக்கும் தட்டு மெஷின் ஒன்றை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். கூடவே வந்த தட்டு ஒன்றே ஒன்று, நாதஸ்வரம். அதை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் எல்லோரும் எல்லா நேரத்திலும் கேட்டு முடித்திருந்தோம். நான் புதுத் தட்டோடு படியேறியதைப் பார்த்ததும் மாஸ்டரின் மனைவி என் கையைப் பிடித்து, “கடவுள்தான் உங்களை அனுப்பினவர்” என்றார்.

மாஸ்டர் தட்டைத் துடைத்து, ஊதி, முள்ளை வைத்தார்.

மூன்று பெண்கள் பாடினார்கள்.

சின்னப் பெண்கள். துள்ளிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி முந்திக்கொண்டு, பின்னால் கிதாரும் டிரம்மும் குதிரை மாதிரி ஓட, பாடிக்கொண்டே இருந்தார்கள்.

“மாஸ்டர், வேகம் கூடிப் போச்சு. கொஞ்சம் கொறைங்க” என்றேன்.

“குறைக்க ஏலாது, பிள்ளை. இந்தத் தட்டுக்கு இதுதான் சரியான வேகம்.”

“அப்ப இது வேற தட்டு. எங்க தட்டுல ஆம்பளைங்க பாடுவாங்க. சாமி பாட்டு.”

“வேற தட்டை நீங்கள் எங்கயிருந்து எடுத்தனீங்கள்?”

அதற்குப் பதில் சொல்வதற்குள் முள் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு, ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் பாடியது. அந்த இடம் எனக்குத் தெரியும். எங்கள் மாடியில் அந்த இடம் வந்ததும் யாராவது ஓடிப்போய்ப் பலகையில் ஒரு தட்டு தட்டுவோம். என் கை தானாகவே எழுந்து மாஸ்டரின் மெஷினைத் தட்டியது. முள் தாண்டியது. அடுத்த பாட்டு வந்தது. அதன் நடுவில் ஒரு பெண், பாட வேண்டியதை விட்டுவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். “ஹ ஹ ஹா!”

அதுதான் என் விம்மல்.

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். மாஸ்டரிடம் விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். ரேடியோகிராமில் வேகத்துக்கு ஒரு விசை இருந்ததா என்று அவர் கேட்டார். இருந்தது. அப்பா அதை ஆக மெதுவான வேகத்தில் வைத்து, யாரும் தொடக்கூடாதென்று மேலே பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். வேகமாகச் சுற்றினால் தட்டும் தேயும், கரண்ட் பில்லும் ஏறும் என்பது அவர் கணக்கு.

“அரைவாசி வேகத்தில கேட்டிருக்கிறியள்!” என்றார் மாஸ்டர். “பொம்பிளைப் பிள்ளையளைப் பிடிச்சு ஆம்பிளையாக்கி, சாமியாராக்கி, செத்த வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறியள்!” அவர் சிரித்த சிரிப்புக்கு மனைவி தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. எனக்கு வந்தது சிரிப்பா என்று சொல்லத் தெரியவில்லை. மெட்டு இல்லாத நடுக்குரல் என்று இத்தனை காலம் நான் நினைத்திருந்தது, சரியான வேகத்தில் கேட்டால், மற்ற இருவரையும் கேலி செய்துகொண்டு குறுக்கே குறுக்கே ஓடும் வாலுக்குரல். மூவரில் அவள்தான் அதிகச் சந்தோஷமாக இருந்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாவலப்பிட்டியில் இருக்கும் தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அக்கா, அண்ணன்கிட்ட சொல்லிறாத. தாங்க மாட்டாரு” என்றாள்.

“சரி, சொல்லல.”

“இல்ல, சொல்லு. ஆனா நான் இல்லாதப்ப சொல்லிறாத. ஞாயித்துக்கெழம வர்றேன்.”

இதற்கிடையில் மாஸ்டர் பாட்டைப் பதிவு செய்து மகளுக்கு அனுப்பியிருந்தார். அவள் எங்கேயோ தேடி, அந்தத் தட்டின் உறைப் படத்தைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினாள். அறுபதுகளில் வந்த தட்டாம். கொண்டையைக் கோபுரமாக உயர்த்திய மூன்று பெண்கள், முழங்காலுக்கு மேலே நிற்கும் கவுனோடு, ஒரு காரின் பானெட்டில் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். பெரியப்பாவை நாங்கள் வழியனுப்பிய பாட்டு, கடற்கரைக்குப் போய் விடிய விடிய ஆடலாம் வா என்று காதலனைக் கூப்பிடும் பாட்டாம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாஸ்டர் வீட்டில் கூடினோம். அப்பாவின் தட்டு கிடைத்துவிட்டது, கேட்க வாருங்கள் என்று மட்டும்தான் அண்ணனிடம் சொல்லியிருந்தோம். அண்ணியோடு, அன்னாசிப்பழப் பையோடு வந்தார். முள்ளை வைக்கப் போன மாஸ்டரைக் கையால் நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

“அப்பா நமக்கு விட்டுட்டுப் போன சொத்துல, இந்தக் கொரலுக்கு ஈடா எதையும் சொல்ல முடியாது” என்று அந்த அடிக்குரலில் ஆரம்பித்தார். தங்கச்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

பாட்டு தொடங்கியது. அண்ணன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறாமல் வைத்துக்கொள்வதற்கு அவர் பட்ட பாடு தெரிந்தது. “இது வேற” என்றார். முள் மாட்டியது, நான் தட்டினேன். சிரிப்பு வந்த இடத்தில் என்னை ஒரு முறை பார்த்தார். பக்கம் முடிந்து, மெஷின் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

“இதுல… என்னுது எது?” என்றார்.

தங்கச்சி, மாஸ்டரின் கைத்தொலைபேசியில் இருந்த உறைப் படத்தை அவர் முன் நீட்டினாள். மூவரில் கீழ்க்குரல் பாடுகிறவள் கார் விளக்கின் பக்கத்தில் இருப்பவள்தான் என்று அந்தக் கனடா மகள் எழுதியிருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். ஒரு காலில் செருப்பைக் காணோம்.

அண்ணன் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். “இந்தப் புள்ளையா?”

அன்னாசிப்பழம் வெட்டிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தார். “நான் அப்பவே நெனச்சேன். வீட்டுக்குள்ள கரப்பான் பறந்தா இவருக்கு வர்ற கொரலு இதேதாங்க.”

மாஸ்டர் வீட்டை விட்டு நாங்கள் கிளம்பும்போது அண்ணன் யாரோடும் பேசவில்லை. அதன் பிறகு எனக்குத் தொலைபேசி எடுக்கவும் இல்லை. மனது கஷ்டமாக இருந்தது. ஒரு மனுஷன் வாழ்நாள் முழுக்கக் கட்டிக் காத்ததை அன்னாசிப்பழம் வெட்டிக்கொண்டே உடைத்துவிட்டோமே என்று தங்கச்சியும் தினமும் கூப்பிட்டுப் புலம்பினாள். புலம்பிக்கொண்டே சிரிப்பாள்.

அந்த நேரத்தில்தான் ஹேவாஹெட்டயில் எங்கள் கடையின் பழைய வாடிக்கையாளர் ஒருவர் காலமானார். தோட்டத்துக் கந்தோரில் இருந்த பெரியவர். கருமாதிக்கு மூவரும் ஒரே வேனில் போனோம். வழியெல்லாம் அண்ணன் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அங்கே போனதும் வழக்கம் போல அவரைப் பேச அழைத்தார்கள். எழுந்து, மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமினார். கூட்டம் அடங்கியது.

“இந்தத் துயரமான வேளையிலே…” அடிக்குரல் அச்சு மாறாமல் வந்தது. அப்போது அவர் பார்வை, முன் வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் இருவர் மேலும் விழுந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்திருக்கவே கூடாது. “வேளையிலே…” என்றார் மறுபடியும். குரல் உடைந்தது. மூன்றாவது முறை “வே” என்று ஒரு கீச்சுச் சத்தம் மட்டும் வந்தது. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மைக்கில் “ஹ… ஹ…” என்று ஏதோ கேட்டது. தங்கச்சி என் தொடையைக் கிள்ளிய தடம் வெகுநாள் இருந்தது.

கூட்டம் கலங்கிப் போயிற்று. இறந்தவரின் மகன் எழுந்து ஓடிவந்து அண்ணனைக் கட்டிப்பிடித்து அழுதான். பெண்கள் பக்கம் ஒப்பாரி புதிதாகக் கிளம்பியது. “எத்தனையோ எடத்துல பேசிக் கேட்டிருக்கோம். இன்னிக்கி மாதிரி உருகிப் பேசுனதில்லீங்க” என்று ஒரு பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அண்ணன் கைக்குட்டையை எடுக்காமலேயே தலையை ஆட்டினார்.

வேன் புறப்பட்டு முதல் வளைவைத் தாண்டியது. பிறகு முன் இருக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அண்ணன் சிரித்தார். மெல்லிய, கூர்மையான சிரிப்பு. நான் சின்ன வயதில் கேட்டது. டிரைவர் பயந்து வண்டியை ஓரம் கட்டப் போனான். “ஓட்டுப்பா, ஓட்டு” என்றார் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்: “அந்தக் கண்ணாடி போட்ட புள்ளைக்கி இப்ப எத்தன வயசிருக்கும்?”

“எம்பது இருக்கும்ண்ணே.”

“உசுரோட இருக்குமா?”

“தெரியல. மாஸ்டர் மகள்கிட்டக் கேக்கலாம்.”

“வேணாம், கேக்காத” என்றார். வேன் இரண்டு வளைவு இறங்கியது. “எங்கயாச்சும் நல்லா இருக்கட்டும்.”

ஜன்னலை இறக்கிவிட்டு, தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு, அவர் அந்தக் கடற்கரைப் பாட்டைச் சரியான வேகத்தில் பாட முயன்றார். இரண்டாவது வரியிலேயே மூச்சு வாங்கியது. மீதியை நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டோம்.